சீழில் தெரிவது யாருடைய வேலை? கிருமிகளும் நோய் எதிர்ப்பும் பற்றிய எட்டு வார இணைய வகுப்பு: முழுசாக முடித்துவிட்டு எழுதும் விமர்சனம்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குப் பிடிபடும். பதினோரு வருடமாக மருத்துவமனை ஆய்வகத்தில் ஸ்லைடு பார்க்கும் வேலை. சளி, சீழ், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் என்று எது வந்தாலும் சாயமேற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸில் பார்த்து, தெரிந்ததை எழுதிக் கொடுப்பேன். கோனோரியா என்கிற பால்வினை நோயின் சந்தேகத்தில் வரும் சீழை கிராம் சாயம் போட்டுப் பார்த்தால் ஒரு காட்சி வரும்: இளஞ்சிவப்பில் மூன்று நான்கு மடலாகப் பிரிந்த கருவோடு நியூட்ரோபில்கள் என்கிற வெள்ளணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும், அவற்றில் ஒன்றிரண்டின் வயிற்றுக்குள் மட்டும் அவரை விதைகளை முகத்துக்கு முகம் வைத்தது போல ஜோடி ஜோடியாகக் கிருமிகள் நிரம்பியிருக்கும், பக்கத்துச் செல்லில் ஒன்றுகூட இருக்காது. "செல்லுக்கு உள்ளே" என்று அறிக்கையில் எழுதுவேன். அந்த வார்த்தையை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கொல்வதற்கென்றே இருக்கிற ஒரு செல்லுக்குள் போய் அந்தக் கிருமி எப்படி அப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்கத் தோன்றிய அன்றைக்குத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

சுருக்கமாகத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: சேரலாம், தயங்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது, ஏழாவது வாரங்களுக்காகவே சேரலாம். ஐந்தாவது வாரம் சுமார். வாராந்திரத் தேர்வுகள் மோசம். தமிழ் வசனவரிகளை நம்பவே நம்பாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம் என்று போட்டிருக்கிறார்கள், எனக்குப் பதினோரு வாரம் ஆனது. ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு வீடியோ, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம். எடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர், இன்னொருவர் தொற்றுநோய் மருத்துவர். இந்த மருத்துவர் அம்மா முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைப் போடுகிறார்: நோயாளியிடம் ஒரு அறிகுறியைப் பார்த்தால், இதைச் செய்தது கிருமியா, உடம்பா என்று முதலில் கேளுங்கள். காய்ச்சலா, சீழா, நுரையீரலில் ஓட்டையா, நரம்பு மரத்துப்போனதா, எதுவாக இருந்தாலும் இதே கேள்விதான். கடைசி வாரம் வரை அதை அவர் விடவே இல்லை. வகுப்பின் மொத்த பலமும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏனென்றால் நம்மில் பலர் கிருமி என்றால் எதிரி, எதிர்ப்புச் சக்தி என்றால் படை, இரண்டுக்கும் சண்டை, யார் ஜெயிக்கிறார்களோ அதுதான் முடிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நின்றுவிட்டோம். நானும் அப்படித்தான், இத்தனை வருடம் இந்தத் துறையிலேயே இருந்தும்.

முதல் இரண்டு வாரம் அடிப்படை. 1882-ல் மெச்னிகோவ் மெசினாவில் இருந்தபோது, கண்ணாடி போல உள்ளே தெரிகிற நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன என்கிற கதையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். விழுங்கும் செல்கள் என்கிற எண்ணமே அங்கிருந்துதான் வந்தது, 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது தெரிந்த கதைதான். ஆனால் அதை அடுத்து, 1950-களில் டேவிட் ராஜர்ஸ் என்பவர் எடுத்த ஒரு சின்னப் படத்துண்டைக் காட்டுகிறார்கள். ரத்தச் சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு நியூட்ரோபில் ஒரு ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைத் துரத்துகிறது. கிருமி திரும்பும் பக்கமெல்லாம் இதுவும் வளைந்து வளைந்து பின்னாலேயே போய்க் கடைசியில் விழுங்குகிறது. நான் ஆயிரக்கணக்கான நியூட்ரோபில்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் செத்துச் சாயமேறி ஸ்லைடில் ஒட்டிக்கிடப்பவை. உயிரோடு ஒன்று ஓடுவதைப் பார்த்தபோது அந்த வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு எலிக் கதை வருகிறது, அதைத் தவறவிடாதீர்கள். கிராம் சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிகிற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்ஸின் என்று ஒன்று இருக்கிறது, அதை ஊசி போட்டால் சாதாரண எலி அதிர்ச்சியில் செத்துவிடும். ஒரு எலி வம்சம் மட்டும் எவ்வளவு போட்டாலும் அசையாது. அந்த எலிகளில் பழுதாக இருந்தது, எண்டோடாக்ஸினை உணரும் டிஎல்ஆர்4 என்கிற ஏற்பியின் மரபணு என்று 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது, 2011 நோபலில் அவருக்கும் பங்கு உண்டு. அப்படியானால் எண்டோடாக்ஸின் தானாக யாரையும் கொல்லவில்லை, அதை முகர்ந்து பார்த்து உடம்பு போடுகிற கூச்சல்தான் கொல்கிறது. சரி, அப்போ அந்த ஏற்பி இல்லாத எலிகள் கொடுத்து வைத்தவையா? அதுதான் இல்லை. உயிருள்ள சால்மனெல்லாவைக் கொஞ்சமாகக் கொடுத்தாலே அவை தாங்குவதில்லை, உள்ளே ஆள் வந்திருப்பதே அவற்றுக்குத் தெரியாது. கொல்வதும் அதே ஏற்பி, காப்பதும் அதே ஏற்பி. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒன்பது நிமிடத்தில், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிறார். நல்ல ஆசிரியர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒளிந்துகொள்வது பற்றி. இதில் கிரிஃபித்தின் 1928 சோதனையை எடுத்த விதம் எனக்குப் பிடித்தது. எல்லோரும் அதை டிஎன்ஏ கதையின் முதல் அத்தியாயமாகத்தான் சொல்வார்கள். இவர்கள் உறையின் கதையாகச் சொல்கிறார்கள்: சர்க்கரை உறை போர்த்திய நிமோகாக்கஸ் எலியைக் கொல்லும், உறை இழந்தது கொல்லாது, வெள்ளணு அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். நிமோகாக்கஸுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வகை உறைகள் இருப்பதும், தடுப்பூசிகளில் எண்களாகப் போட்டிருப்பது எத்தனை உறைகளுக்கு எதிரானது என்பதைத்தான் என்பதும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

அப்புறம் ஆன்டிபாடி, கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம். அது ஒய் வடிவம் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே இருக்கும் இரண்டு கைகளும் கிருமியைப் பிடிக்கும், கீழே இருக்கிற காம்பை வெள்ளணு பிடித்து, கிருமியோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் உடம்பெங்கும் புரோட்டீன் ஏ என்று ஒன்றை வைத்திருக்கிறது, அது ஆன்டிபாடியின் காம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆன்டிபாடி தலைகீழாகத் தொங்கும், கைகள் வெளியே சும்மா காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும், வெள்ளணுவுக்குப் பிடிக்கக் காம்பு கிடைக்காது. இதைக் கையில் ஒரு கவட்டைக் குச்சியை வைத்துக்கொண்டு நேராகப் பிடித்தும் கவிழ்த்துப் பிடித்தும் காட்டுகிறார் ஆராய்ச்சியாளர், அனிமேஷன்கூட இல்லை. பாடப்புத்தகத்தில் நான்கு தடவை படித்தும் மண்டையில் ஏறாதது அந்தக் குச்சியில் ஏறிவிட்டது.

பிளேக் கிருமியையும் சொல்லியாக வேண்டும். தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடம்பில் இருக்கும்போது அதன் எண்டோடாக்ஸின் நாம் சுலபமாகக் கண்டுபிடிக்கிற வடிவத்தில் இருக்கிறது. மனித உடம்பின் 37 டிகிரிக்கு வந்ததும் அதில் இரண்டு கொழுப்பு வால்களைக் குறைத்துவிடுகிறது. ஆறு இருந்த இடத்தில் நான்கு. அந்த நான்கு வால் வடிவம் டிஎல்ஆர்4-ஐ எழுப்புவதில்லை. நம் உடம்பு விழித்துக்கொள்வதற்குள் கிருமி நிணநீர் முடிச்சில் பெருகிவிடும். 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், 37 டிகிரியிலும் பழைய ஆறு வால் வடிவத்தையே வைத்திருக்கும்படி பிளேக் கிருமியை மாற்றினார்கள். எலிகள் சாகவில்லை. வேறு எதையும் தொடவில்லை, மறைப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கேட்டதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன், உட்கார முடியவில்லை.

நான்காவது வாரத்துக்கு வருவோம், நான் சேர்ந்ததே இதற்காகத்தான். விழுங்கப்பட்ட பிறகு கிருமி என்ன செய்யும்? மேக்ரோஃபேஜ் என்கிற பெரிய விழுங்கும் செல் ஒரு கிருமியை விழுங்கினால் அதை ஒரு பைக்குள் வைக்கும், பிறகு அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு சேரும், கிருமி கரையும். இது ஒழுங்கு. இதற்கு மூன்று கிருமிகள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன என்று வகுப்பு போகிறது. லிஸ்டீரியா பையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, செல்லின் சொந்த ஆக்டின் என்கிற புரத இழைகளையே வால் போலக் கட்டிக்கொண்டு, அந்த வால் உந்தும் வேகத்தில் பக்கத்துச் செல்லுக்குள் முட்டிக்கொண்டு போகிறது. ஆன்டிபாடி இருக்கிற வெளிப்புறத்துக்கு அது வரவே வேண்டியதில்லை. சால்மனெல்லா பைக்குள்ளேயே இருந்துகொண்டு, ஊசி போன்ற ஒரு கருவியால் தன் புரதங்களை வெளியே செலுத்திப் பையைத் தனக்கு வசதியான வீடாக மாற்றிக்கொள்கிறது. காசநோய்க் கிருமி லைசோசோம் வந்து சேர்வதையே தடுத்துவிடுகிறது. ஈ.கோலை நல்ல ஊட்டத்தில் இருபது நிமிடத்தில் இரண்டாகும், இது இரண்டாக இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு அவசரமே இல்லை.

இங்கே கோனோரியாக் கிருமியான கோனோகாக்கஸுக்கும் ஒரு சின்னப் பகுதி உண்டு. அந்தச் சீழில் நான் பார்ப்பதெல்லாம் உடம்பு அனுப்பிய நியூட்ரோபில்கள்தான். விழுங்கப்பட்ட கிருமிகளில் ஒரு பகுதி சாகாமல் உள்ளேயே பிழைத்துக்கொள்கிறது. மேலே இருக்கும் முடி போன்ற பைலஸின் புரதத்தை இந்தக் கிருமி ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு தடவை வந்தவருக்குத் திரும்பவும் வரும், நிலைத்த எதிர்ப்பு உண்டாவதில்லை. மொத்தம் ஏழு நிமிடம். என் பதினோரு வருட "செல்லுக்கு உள்ளே"-க்குக் கிடைத்த விளக்கம் அந்த ஏழு நிமிடம்தான், இன்னும் ஏழு நிமிடம் கொடுத்திருக்கலாம் என்கிற மனக்குறை எனக்கு உண்டு.

ஆனால் காசநோய்க்கு அவர்கள் நேரம் கொடுத்த விதம் நியாயம். உலகில் சுமார் நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது, அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது ஐந்து முதல் பத்து சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களிடம் மேக்ரோஃபேஜ்களும் டி செல்கள் என்கிற இன்னொரு வகை வெள்ளணுக்களும் கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன, கிரானுலோமா. அந்த முடிச்சை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருட்களில் ஒன்று டிஎன்எஃப், வீக்கத்தைத் தூண்டச் செல்கள் சுரக்கும் புரதம். மூட்டுவாதத்துக்காக டிஎன்எஃப்-ஐ அடக்கும் மருந்து கொடுத்தபோது பலருக்கு உறங்கிக்கிடந்த காசநோய் எழுந்துவிட்டதாக 2001-ல் அறிக்கைகள் வந்தன. இப்போது அந்த மருந்தைத் தொடங்குமுன் காசநோய் பார்ப்பது வழக்கமானது இப்படித்தான்.

அடுத்து மருத்துவர் அம்மா இரண்டு எக்ஸ்ரே காட்டுகிறார். ஒன்றில் நுரையீரல் மேல்பகுதியில் பெரிய ஓட்டை. இன்னொன்றில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் அது எய்ட்ஸ் முற்றிய ஒருவருடையது, நோய் அவருக்குத்தான் கடுமை. அப்போது அதே கேள்வியைக் கேட்கிறார்: அந்த ஓட்டையைப் போட்டது யார்? நுரையீரலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்தது பெரும்பாலும் நம் செல்களேதான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் ஓட்டை விழுவது குறைவு. ஓட்டை இல்லாததால் கிருமி மூச்சுக்குழாய் வழியாகச் சளியில் கொட்டுவதும் குறைவு, சளி ஸ்லைடில் சாயமேறிய காசநோய்க் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரிய ஒரு மில்லிலிட்டரில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கை "நெகட்டிவ்".

இந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்தினேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒருவருடைய சளியை இரண்டு தடவை பார்த்து, இரண்டு தடவையும் நெகட்டிவ் என்று கொடுத்திருக்கிறேன். நூறு புலத்துக்கு மேல் தேடினேன், நீல நிறப் பின்னணியைத் தவிர எதுவும் இல்லை. ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். வளர்ப்புப் பரிசோதனையில் பிறகு காசநோய் என்று வந்தது, அப்போது நான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்லைடில் எதுவும் இல்லாததற்கும் அவர் அவ்வளவு நோயாக இருந்ததற்கும் காரணம் ஒன்றே, எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததுதான் என்று இந்த வகுப்பில்தான் புரிந்தது. என் வேலைக்கு இதைவிடப் பயன்பட்ட பாடம் எதுவும் இல்லை. அதிலிருந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்று சீட்டில் இருந்தால், ஸ்லைடு நெகட்டிவ் ஆனாலும் மரபணுச் சோதனையோ வளர்ப்போ பார்க்கும்படி மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது வாரம் நச்சுகள். இதில் ஏனோ இரண்டு பேருமே அவசரத்தில் இருந்தார்கள். நச்சின் பெயர், எந்தக் கிருமி, எந்த ஏற்பி, என்ன செய்யும் என்று அட்டவணை அட்டவணையாக ஓடுகிறது. 1890-ல் பேரிங்கும் கிடசாடோவும் டிஃப்தீரியா, டெட்டனஸ் நச்சுக்கு எதிரான சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, காட்டியதுதான் ஆன்டிபாடி என்கிற எண்ணத்துக்கே தொடக்கம், அதற்கு ஒரே ஒரு வரி. சூப்பர் ஆன்டிஜன் என்கிற நச்சுக்கு நான்கு நிமிடம்! சாதாரணமாக ஒரு கிருமிக்கு எழுந்துகொள்ளும் டி செல்கள் பத்தாயிரத்தில் ஒன்றுகூட இருக்காது, ஸ்டஃபைலோகாக்கஸின் இந்த நச்சு ஒரே அடியாக ஐந்தில் ஒரு பங்கை எழுப்பிவிடும், ரத்த அழுத்தம் விழுந்து ஆளைச் சாய்ப்பது அந்தக் கூட்டக் குழப்பம்தான். அவர்களுடைய சொந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? அதை அட்டவணையின் ஏழாவது வரியாகப் போட்டுவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம்.

ஆறாவது வாரம் யாரும் எதிர்பார்க்காத வாரம். சாப்பாட்டுச் சண்டை. கிருமிக்கு இரும்பு வேண்டும், உடம்பு இரும்பை எல்லாம் புரதங்களுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. கிருமி என்டரோபாக்டின் என்கிற இரும்பு திருடும் மூலக்கூறை அனுப்பும், உடம்பு லிப்போகாலின்-2 என்ற புரதத்தை அனுப்பி அந்தத் திருடனையே பிடித்து வைக்கும், சால்மனெல்லா தன் திருடனுக்கு ஒரு சர்க்கரைச் சட்டை மாட்டி அனுப்பும், லிப்போகாலினால் அதைப் பிடிக்க முடியாது. இப்படி மாற்றி மாற்றி.

அதற்குப் பிறகு வந்தது என்னைக் கையோடு எங்கள் ஆய்வகத்துக்கே கொண்டுபோய்விட்டது. மலத்தில் சால்மனெல்லாவைத் தேடும்போது, மற்ற பாக்டீரியாக்களை அடக்கி இதை மட்டும் பெருக்குவதற்கு டெட்ராதையோனேட் ப்ராத் என்கிற வளர்ப்புத் திரவத்தில் போடுவோம். தைராய்டு மாத்திரை போல தினசரிப் பழக்கம், அயோடின் கரைசலைச் சேர்த்து, குலுக்கி, இன்குபேட்டரில் வைப்பது. ஏன் அதில் இது மட்டும் நன்றாக வளர்கிறது என்று யோசித்ததில்லை. 2010-ல் வந்த ஆய்வு சொல்வது இது: சால்மனெல்லா குடலில் வீக்கத்தை உண்டாக்குகிறது, நியூட்ரோபில்கள் ஓடிவந்து ஆக்சிஜன் சார்ந்த வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன, அங்கே இருக்கும் கந்தகச் சேர்மம் அதனால் டெட்ராதையோனேட் ஆகிறது. சால்மனெல்லாவுக்கு அதைக் கொண்டு சுவாசிக்கத் தெரியும், குடலில் குடியிருக்கும் மற்ற பெரும்பாலான பாக்டீரியாவுக்குத் தெரியாது. வந்தவன் உண்டாக்கிய வீக்கமே குடியிருப்பவர்களைத் தள்ளிவிட்டு அவனுக்கு இடம் கொடுக்கிறது. நான் கண்ணாடிக் குழாயில் கலந்து கொடுப்பதை வீங்கிய குடல் தானாகவே கலந்து கொடுக்கிறது! மறுநாள் அந்தக் குழாயைக் கையில் எடுத்தபோது கூட வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், மதிய இடைவேளை அதிலேயே போய்விட்டது.

ஏழாவது வாரம் முழுவதும் மருத்துவர் அம்மாவுடையது. தொழுநோய். 1873-ல் ஹான்சன் கண்ட அதே கிருமி, இன்றுவரை செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியாதது, இரண்டாக இரண்டு வாரம் போல எடுத்துக்கொள்வது. திரையில் இரண்டு தோல் துணுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இடது பக்கத்தில் செல்லுக்குள் செல்லாகச் சிவப்புக் குச்சிகள் கட்டுக்கட்டாக அடைந்து கிடக்கின்றன, உடம்பு எதுவுமே செய்யவில்லை. வலது பக்கத்தில் வட்ட வட்டமாக நெருக்கமான கிரானுலோமா, எவ்வளவு தேடினாலும் ஒரு குச்சி கிடைக்காது. கிருமி ஒன்றே, வேறுபடுவது அதை எதிர்கொண்ட உடம்புதான். இடது பக்கத்துக்காரருக்கு முகமெல்லாம் தடித்திருக்கும், கிருமி எண்ணில் அடங்காது. வலது பக்கத்துக்காரருக்கு ஒன்றிரண்டு தேமல்தான், ஆனால் நரம்பு சீக்கிரமே மரத்துவிடும், ஏனென்றால் கிருமி இருக்கிற நரம்பின் மீதே உடம்பு பாய்கிறது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, கிருமிகள் செத்துக்கொண்டிருக்கும்போதே, சிலருக்குத் திடீரென்று தேமல் சிவந்து வீங்கிக் கை மடங்கிப்போகும். அது மருந்தின் தோல்வி இல்லை, எதிர்ப்பு விழித்துக்கொண்டதன் விளைவு. மருந்தை நிறுத்தாமல் கூடவே ஸ்டீராய்டு உடனே கொடுக்க வேண்டும், தாமதித்தால் நரம்பு திரும்பாது. இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறுகிறது. தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

அதே வாரத்தில் பாக்டீரியா மூளைக்காய்ச்சலும் வருகிறது. ஆன்டிபயாடிக் கிருமியை உடைக்கும்போது அதன் துண்டுகள் சிதறி வீக்கத்தைக் கூட்டும், அதனால் முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்போ அதோடு சேர்த்தோ வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் ஐரோப்பாவில் 301 பெரியவர்களிடம் நடந்த சோதனையில் இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. இதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார், இங்கேதான் எனக்கு ஒரு குறை. மலாவியில் பெரியவர்களிடம் நடத்தி 2007-ல் வெளியான சோதனையில் இதே மருந்து பலன் தரவில்லை. அங்கே நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு எச்ஐவி இருந்தது, தாமதமாக வந்தவர்களும் நிறைய. உடம்பின் கையை அடக்கினால் எல்லோருக்கும் நல்லது என்று கேட்பவர்கள் நினைத்துவிடக் கூடாது அல்லவா? இதைச் சொல்லாமல் விட்டது சின்னத் தவறு இல்லை.

செப்சிஸ், அதாவது தொற்றை எதிர்க்கப் போய் உடம்பே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலை, அந்தப் பாடமும் அப்படித்தான், பாதியில் நிற்கிறது. எதிர்ப்பு கட்டுமீறிப் போகிறது என்பது வரை சொல்கிறார்கள். அப்படியானால் டிஎன்எஃப்-ஐ அடக்கினால் பிழைப்பார்கள் என்று எண்ணிச் செய்த சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும், முதல் கொந்தளிப்பு அடங்கியபின் எதிர்ப்பே தளர்ந்துபோய் வேறு தொற்றில் நோயாளி விழுவதையும் சொல்லவே இல்லை. தங்கள் கேள்விக்கு எளிதாகப் பதில் கிடைக்காத இடத்தில்தான் அவர்கள் அதிக நேரம் நின்றிருக்க வேண்டும்.

எட்டாவது வாரம் தடுப்பூசியும் புதிய சிகிச்சைகளும், ஓட்டமாக ஓடுகிறது. கால்மெட்டும் கெராங்கும் 1908 முதல் பதிமூன்று வருடம், 230 தடவை மாட்டுக் காசநோய்க் கிருமியை ஊடகம் மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்து, 1921-ல் முதல் பிசிஜி காசநோய்த் தடுப்பூசியைக் கொடுத்தார்கள். அந்த வருடங்களில் அது தொலைத்த மரபணுத் துண்டு எது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, கிருமி மேக்ரோஃபேஜுக்குள் ஆட்டம் காட்டப் பயன்படுத்தும் சுரப்புக் கருவியின் பகுதி அது. நான்காவது வாரத்தை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பொருந்தும். எகுலிசுமாப் என்ற மருந்து காம்ப்ளிமென்ட் என்கிற, கிருமியைத் தாக்கும் ரத்தப் புரதத் தொடரின் கடைசிப் படியை மட்டும் அடைக்கிறது, அதை எடுப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமி வரும் வாய்ப்பு ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதையும் இங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு படி, ஒரே ஒரு வகைக் கிருமி.

இப்போது மற்ற குறைகள். வாராந்திரத் தேர்வு முழுக்க மனப்பாடம். புரதத்தின் பெயர் என்ன, எண் என்ன, எந்த வருடம். எட்டு வாரம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பழக்கிவிட்டு, தேர்வில் அதை ஒரு தடவைகூடக் கேட்காதது எனக்கு ஏமாற்றம். ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, இதில் எது கிருமியால், எது உடம்பால் என்று பிரிக்கச் சொல்லியிருக்கலாம்.

தமிழ் வசனவரிகள் இயந்திர மொழிபெயர்ப்பு, யாரும் படித்துப் பார்க்கவில்லை. கிருமி குடியேறும் உடம்பைக் குறிக்கும் 'ஹோஸ்ட்' என்பதை வகுப்பு முழுக்கத் "தொகுப்பாளர்" என்று போட்டிருக்கிறார்கள். "கிருமி தொகுப்பாளரின் செல்லுக்குள் நுழைகிறது" என்று வந்தால் புதிதாகப் படிக்கும் ஒரு மாணவர் என்னதான் புரிந்துகொள்வார்? கிருமி வளர்ப்பைக் குறிக்கும் 'கல்ச்சர்' எல்லா இடத்திலும் "பண்பாடு", 'காம்ப்ளிமென்ட்' "பாராட்டு". ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவர்கள் வசனவரியை நம்பித்தான் சேர்வார்கள், அவர்களுக்கு இது பெரிய அநியாயம். 41 இடங்களைக் குறித்து, சரியான சொல்லோடு அனுப்பினேன், நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது, ஐந்து வாரம் ஆகியும் ஒன்றுகூட மாறவில்லை. மாற்றினால் இந்தப் பத்தியை எடுத்துவிடுகிறேன்.

யாருக்கு இது ஒத்துவரும்? செவிலியர், ஆய்வக நுட்பனர், மருந்தாளுநர், மருத்துவ மாணவர் எல்லோரும் தாராளமாகச் சேரலாம். உயிரியல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்கள் முதல் இரண்டு வாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு மேலே போங்கள், முடியாதது இல்லை. எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவது எப்படி என்று தெரிந்துகொள்ள வருபவர்களுக்கு இங்கே அப்படி எதுவும் கிடைக்காது, ஆனால் அவர்கள் ஏழாவது வாரத்தைப் பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அந்த வலது பக்கத்துத் தோல் துணுக்கைப் பார்த்த பிறகு, ஏற்றினால் நல்லது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது.

சேர்பவர்கள் ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள், இடது பக்கம் கிருமி, வலது பக்கம் உடம்பு, பாடத்தில் வரும் ஒவ்வொரு அறிகுறியையும் எங்கே எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் நோட்டில் நான்காவது வாரத்துக்குப் பிறகு வலது பக்கம் நிரம்பி வழிந்து, இடது பக்கத்துக் காலி இடத்திலும் எழுத வேண்டியதாகிவிட்டது.